தனித்த நட்சத்திரத்தை எடை போடுவது எப்படி? ஈர்ப்பு நுண்வில்லை: முழுமையான வழிகாட்டி

ஒரு நட்சத்திரத்தின் நிறையை அறிய வேண்டுமென்றால், வழக்கமாக அதைச் சுற்றி இன்னொன்று ஓட வேண்டும். பூமி எத்தனை நாளில், எவ்வளவு தொலைவில் சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் சூரியனின் நிறையைக் கணக்கிடுகிறோம். இரட்டை நட்சத்திரங்களுக்கும் இதே வழிதான். துணையே இல்லாமல் தனியாக நிற்கும் நட்சத்திரத்தை என்ன செய்வது? அதன் நிறத்தையும் ஒளியையும் பார்த்து, 'இந்த வகை நட்சத்திரம் இவ்வளவு இருக்கும்' என்று மதிப்பிடுகிறோம். ஒளியே விடாத ஒரு கருந்துளை தனியாக அலைந்தால் அந்த மதிப்பீட்டுக்கும் வழியில்லை.

இந்த இடத்தில்தான் ஈர்ப்பு நுண்வில்லை கைகொடுக்கிறது. ஒரு நட்சத்திரம் இன்னொரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்துபோகும்போது, பின்னால் உள்ளதன் ஒளி சில வாரங்களுக்குக் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து முன்னால் போவதன் நிறையை எடுக்கலாம். அதற்குக் கோள் இருந்தால் அதையும் பிடிக்கலாம்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளி கூடிக் குறைவதை மட்டும் அளந்தால் நிறை கிடைக்காது. கிடைப்பது ஒரு கால அளவு மட்டுமே. நிறை வேண்டுமென்றால் இன்னும் இரண்டு அளவுகள் வேண்டும். பல அறிமுகக் கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிடப்போவது அந்த இரண்டு அளவுகளில்தான். பிளஸ் டூ கணக்கு போதும்; கையில் ஒரு எக்செல் தாள் இருந்தால் கூடவே போட்டுப் பார்க்கலாம்.

முதலில், என்ன நடக்கிறது?

நிறை உள்ள எதுவும் தன் அருகே செல்லும் ஒளியை வளைக்கும். சூரியனின் விளிம்பை உரசி வரும் ஒளி 1.75 ஆர்க்செகண்ட் (ஓர் ஆர்க்செகண்ட் ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு) வளையும் என்பது ஐன்ஸ்டைனின் கணக்கு. 1919 மே 29 கிரகணத்தின்போது எடிங்டன் குழுவினர் அதை அளந்து காட்டினார்கள். இப்போது இரண்டு நட்சத்திரங்கள் நம் பார்வைக்கு ஒரே நேர்கோட்டில் வருவதாக வைத்துக்கொள்வோம். பின்னால் உள்ளதன் ஒளி முன்னால் உள்ளதன் எல்லாப் பக்கமும் வளைந்து வந்து நமக்கு ஒரு வளையமாகத் தெரிய வேண்டும். அதுதான் ஐன்ஸ்டைன் வளையம். நேர்கோடு சற்றே விலகினால் வளையம் உடைந்து, வளையத்துக்கு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு பிம்பங்கள் ஆகும்.

ருடி மாண்டில் என்ற செக் பொறியாளர் வற்புறுத்திக் கேட்டதால் 1936-ல் ஐன்ஸ்டைன் இதைச் சின்னக் கட்டுரையாக எழுதினார். இதை நேரில் பார்க்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை என்றும் அதிலேயே சொல்லிவிட்டார். ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பவருக்கு அது சரிதான். 1986-ல் வானியலாளர் போதான் பச்சின்ஸ்கி கேள்வியை மாற்றிப் போட்டார்: லட்சக்கணக்கான நட்சத்திரங்களை ஒரே நேரத்தில் கண்காணித்தால்? 1993-ல் முதல் நிகழ்வுகள் சிக்கின.

வளையம் எவ்வளவு பெரியது? ஓர் ஆர்க்செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆர்க்செகண்ட். ஒரு ரூபாய் நாணயத்தைச் சுமார் 4,500 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் அது அந்த அளவில் தெரியும். நம் விண்மீன் மண்டலத்துக்குள் நடக்கும் நிகழ்வுகளில் வளையத்தின் ஆரம் பெரும்பாலும் அதிலும் பாதிதான். ஆகவே சாதாரணத் தொலைநோக்கியில் வளையமும் தெரியாது, இரண்டு பிம்பங்களும் தெரியாது. இரண்டின் ஒளியும் சேர்ந்து ஒரே புள்ளியாகக் கூடிக் குறைவது மட்டுமே தெரியும். 'நுண்' என்ற சொல் வந்தது அதனால்தான்.

எவ்வளவு கூடும் என்பதற்கு ஒரே ஒரு சூத்திரம். இரண்டு நட்சத்திரங்களுக்கும் இடையில் வானில் தெரியும் இடைவெளியை, வளையத்தின் ஆரத்தை 1 என்று வைத்து அளந்து, 'இ' என்று குறிப்போம்:

பெருக்கம் = (இ² + 2) ÷ (இ × √(இ² + 4))

இ = 1 என்றால் பெருக்கம் 1.34. இ = 0.5 என்றால் ஏறக்குறைய 2.2. இ = 0.1 என்றால் 10. நெருங்க நெருங்க வேகமாக ஏறும்.

படி 1: எங்கே பார்ப்பது?

நம் மண்டலத்தின் நடுப் புடைப்பை நோக்கி. அங்கேதான் பின்னணி நட்சத்திரங்களும் நெருக்கம், இடையில் வில்லையாக, அதாவது முன்னால் வந்து ஒளியை வளைப்பதாக, வரக்கூடிய நட்சத்திரங்களும் ஏராளம். வானில் அது மூல நட்சத்திரத்துக்கும் பூராடத்துக்கும் நடுவே, அதாவது தேளின் கொடுக்குக்கும் தனுசுக்கும் இடையில் இருக்கிறது. ஜூன், ஜூலை இரவுகளில் தெற்கு வானில் பால்வீதி மிகவும் தடித்துத் தெரியும் பகுதி அதுதான். அங்கேயும்கூட, எந்த நொடியில் எடுத்துக்கொண்டாலும் பத்து லட்சத்தில் ஏறக்குறைய ஒரு நட்சத்திரம்தான் இப்படிப் பெருக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அதனால் கோடிக்கணக்கில் கண்காணிக்க வேண்டும்.

அதைச் செய்பவர்கள் முக்கியமாக மூன்று குழுக்கள். போலந்தின் ஓக்ல் குழு சிலியின் லாஸ் கம்பனாஸில் 1.3 மீட்டர் தொலைநோக்கியை வைத்திருக்கிறது. நியூசிலாந்தின் மவுண்ட் ஜானில் 1.8 மீட்டர் தொலைநோக்கியோடு இருப்பது மோவா குழு. கொரியாவின் கேஎம்டிநெட் சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா மூன்றிலும் 1.6 மீட்டர் தொலைநோக்கி ஒவ்வொன்று நிறுத்தியிருக்கிறது. ஓரிடத்தில் விடிந்தால் அடுத்த இடத்தில் இரவு தொடங்கும். இந்தத் தொடர்ச்சி ஏன் முக்கியம் என்பது கோள் தேடும் படியில் விளங்கும்.

படி 2: தரவை எடுத்து, போலிகளைக் கழிப்பது

நீங்கள் தொலைநோக்கி வாங்க வேண்டியதில்லை. ஓக்லின் முன்னெச்சரிக்கைத் தளத்தில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒளியளவுக் கோப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஐந்து நெடுவரிசைகள்: நேரம் (ஜூலியன் நாள் கணக்கில்), மாக்னிட்யூட் (நட்சத்திர ஒளியின் அளவு; எண் குறைந்தால் ஒளி கூடுதல்), அதன் பிழை, அன்றைய வானத்தின் தெளிவு, வானப் பின்னொளி. முதல் மூன்று போதும். கடைசி இரண்டையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால், அன்று வானம் மோசமா என்று அவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாக்னிட்யூட் மடக்கை அளவு என்பதால் முதலில் அதை ஒளியாக மாற்றுங்கள்: 10-ன் அடுக்காக 0.4 × (22 − மாக்னிட்யூட்). அப்புறம் போலிகளைக் கழிக்க வேண்டும். ஒளி மாறும் நட்சத்திரங்கள் வானில் ஏராளம். உண்மையான நுண்வில்லை நிகழ்வு ஒருமுறைதான் வரும். ஏற்றமும் இறக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்திருக்கும். சிவப்பிலும் நீலத்திலும் ஒரே அளவு பெருகும், ஏனென்றால் ஈர்ப்பு நிறம் பார்த்து வளைப்பதில்லை. சட்டென்று ஏறி மெல்ல இறங்கினால் அது பெரும்பாலும் வெடிக்கும் நட்சத்திரம். முந்தைய ஆண்டுகளின் தரவில் இன்னொரு மேடு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

படி 3: வளைகோட்டைப் பொருத்துவது

மூன்று எண்களைத் தேட வேண்டும்: உச்ச நேரம், மிக நெருங்கியபோது இருந்த இடைவெளி, வளையக் காலம். வளையக் காலம் என்பது பின்னணி நட்சத்திரம் வளையத்தின் ஆரம் அளவுக்கு நகர எடுக்கும் நாட்கள். ஒவ்வொரு நாளுக்கும் இ கண்டுபிடிப்பது பிதாகரஸ்தான்:

இ² = (குறைந்த இடைவெளி)² + ((நாள் − உச்ச நாள்) ÷ வளையக் காலம்)²

அதைப் பெருக்கச் சூத்திரத்தில் போட்டு, அளந்த ஒளியோடு ஒப்பிட்டு, வித்தியாசம் குறையும் வரை மூன்று எண்களையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். எக்செலில் உள்ள சால்வர் இதைச் செய்துவிடும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு மியூலென்ஸ்மாடல், பைலிமா என்று இரண்டு இலவசத் தொகுப்புகள் உள்ளன.

இங்கே ஒரு குழி இருக்கிறது. புடைப்பு அவ்வளவு நெரிசலான இடம் என்பதால், நீங்கள் அளக்கும் ஒரு புள்ளிக்குள் பல நட்சத்திரங்களின் ஒளி கலந்திருக்கும். அதில் ஒன்றுதான் பெருகும். மற்றவை அப்படியே இருக்கும். ஆகவே மொத்த ஒளி = பின்னணி நட்சத்திரத்தின் ஒளி × பெருக்கம் + கலப்பொளி. இந்தக் கடைசி உறுப்பைச் சேர்க்காமல் நான் முதலில் ஒரு நிகழ்வைப் பொருத்தினேன். கோடு புள்ளிகள் மேல் அழகாகவே உட்கார்ந்தது. வளையக் காலம் மட்டும் வெளியிடப்பட்ட மதிப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல். கலப்பொளி உச்சத்தை மழுங்கடித்து, நிகழ்வைக் குறுகியதாகக் காட்டிவிடுகிறது. வளைகோட்டின் சிறகுகளில், அதாவது ஏறத் தொடங்கும் நாட்களிலும் இறங்கி முடியும் நாட்களிலும், நல்ல தரவு இருந்தால்தான் இதைப் பிரிக்க முடியும். உச்சத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம்.

படி 4: கையில் இருக்கும் முடிச்சு

சரி, மூன்று எண்களும் வந்துவிட்டன. உச்ச நேரமும் குறைந்த இடைவெளியும் தற்செயலானவை. அவற்றில் இயற்பியல் எதுவும் இல்லை. மிச்சம் வளையக் காலம் ஒன்றுதான். அது எதைப் பொறுத்தது?

வளையத்தின் கோண ஆரத்துக்கான சூத்திரம்:

வளையக் கோணம்² = 8.14 × நிறை × இடமாறு வித்தியாசம்

கோணங்கள் மில்லி ஆர்க்செகண்டில், நிறை சூரிய நிறையில். 8.14 என்பது ஈர்ப்பு மாறிலி, ஒளிவேகம், சூரிய நிறை, பூமி–சூரியன் தொலைவு எல்லாம் சேர்ந்து வரும் எண். இடமாறு வித்தியாசம் என்பது 1 ÷ (வில்லையின் தொலைவு) − 1 ÷ (பின்னணியின் தொலைவு). தொலைவை ஆயிரம் பார்செக் அலகில் போட வேண்டும் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு).

ஓர் உதாரணம். 0.3 சூரிய நிறையுள்ள செங்குள்ளன் (சிறிய, மங்கலான சிவப்பு நட்சத்திரம்) 4,000 பார்செக்கில், பின்னணி நட்சத்திரம் 8,000 பார்செக்கில். இடமாறு வித்தியாசம் 0.25 − 0.125 = 0.125. வளையக் கோணம் = √(8.14 × 0.3 × 0.125) = 0.55. இரண்டும் வானில் ஒன்றை ஒன்று ஆண்டுக்கு 7 மில்லி ஆர்க்செகண்ட் வேகத்தில் கடந்தால் வளையக் காலம் 0.55 ÷ 7 ஆண்டு, அதாவது 29 நாள்.

இப்போது தலைகீழாகப் பாருங்கள். உங்களிடம் 29 நாள் என்பது மட்டும் இருக்கிறது. அது பாரமான நட்சத்திரம் வேகமாகப் போனதாலா, இலேசானது மெதுவாகப் போனதாலா, அருகில் இருப்பதாலா, தொலைவில் இருப்பதாலா? நிறை, தொலைவு, வேகம் மூன்றும் ஒரே எண்ணுக்குள் பிணைந்து கிடக்கின்றன. இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் மீதி வேலை முழுவதும்.

படி 5: கோளைத் தேடுவது

வில்லை நட்சத்திரத்துக்கு ஒரு கோள் இருந்து, பிம்பங்களில் ஒன்று அந்தக் கோளின் பக்கமாகப் போனால், கோளின் ஈர்ப்பும் அந்தப் பிம்பத்தை இழுக்கும். சீரான மேட்டின் மேல் ஒரு குட்டி மேடோ பள்ளமோ வரும். ஷுடே மாவும் பச்சின்ஸ்கியும் 1991-ல் இதைச் சொன்னார்கள். முதல் கோள் 2003-ல் நடந்த ஒரு நிகழ்வில் கிடைத்தது. இன்றுவரை இம்முறையில் இருநூறுக்கும் மேற்பட்ட கோள்கள் தெரிந்திருக்கின்றன.

மேடு எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டுமா? எவர்சில்வர் டம்ளரில் பாதி பால் ஊற்றி வெயிலில் வையுங்கள். டம்ளரின் உள்சுவர் ஒளியைத் திருப்பி, பாலின் மேல் கூர்முனையோடு ஒரு பளிச்சிடும் கோட்டைப் போடும். அந்தக் கோட்டில் ஒளி மிகவும் நெருக்கமாகக் குவிகிறது. ஒரு நூல் தள்ளிப் போனால் சட்டென்று மங்கிவிடும். நட்சத்திரமும் கோளும் சேர்ந்த வில்லையும் இப்படிக் குவிகோடுகளைப் போடுகிறது. பின்னணி நட்சத்திரம் அந்தக் கோட்டைத் தாண்டும் நேரம்தான் குட்டி மேடு.

ஓர் உண்மை நிகழ்வைக் கையால் போட்டுப் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்தது ஓக்ல்-2005-பிஎல்ஜி-390, அதாவது ஓக்ல் 2005-ல் புடைப்பில் கண்ட 390-வது நிகழ்வு. 2005 ஜூலை 11-ல் ஓக்ல் எச்சரிக்கை கொடுத்தது. ஜூலை 31-ல் ஒளி சுமார் 3 மடங்காகி உச்சம் தொட்டது. வளையக் காலம் 11.03 நாள், குறைந்த இடைவெளி 0.359. (சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 2.9 வரும்.) எல்லாம் சாதாரணமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 10 அன்று, சிலியின் லா சில்லாவில் இருந்த டேனிஷ் தொலைநோக்கியில் ஒளி மறுபடி கொஞ்சம் ஏறியது. ஏறக்குறைய அரை நாள்தான். அப்புறம் பழைய பாதைக்குத் திரும்பிவிட்டது.

அந்த மேடு வந்த நேரமே கோள் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். உச்சத்திலிருந்து சுமார் 10 நாள். 10 ÷ 11.03 = 0.907. இ² = 0.359² + 0.907² = 0.951; இ = 0.975. வளையத்துக்கு வெளியே உள்ள பிம்பம் அந்த நேரத்தில் நட்சத்திரத்திலிருந்து (இ + √(இ² + 4)) ÷ 2 தொலைவில் இருக்கும்: (0.975 + 2.225) ÷ 2 = 1.60. கோள் அங்கே இருந்ததால்தான் பிம்பம் இடறியது. ஆய்வாளர்கள் முழுக் கணினிப் பொருத்தத்தில் எடுத்த மதிப்பு 1.61. ஒரு சின்னக் கணக்கு இவ்வளவு அருகில் கொண்டுவந்து விடுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

மேட்டின் அகலமும் உயரமும் நட்சத்திரத்தோடு ஒப்பிட்ட கோளின் நிறையைத் தரும். இங்கே அந்த விகிதம் 0.000076. பொதுவான விதி: மேடு நீடிக்கும் காலம் வளையக் காலத்தை விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் அளவில் இருக்கும். சூரியன் போன்ற வில்லைக்கு, 20 நாள் நிகழ்வில், வியாழன் அளவுக் கோள் ஏறக்குறைய ஒரு நாள். பூமி அளவுக் கோள் சில மணி நேரம். பகலாகிவிட்டது என்று தொலைநோக்கியை மூடினால் பூமி ஒன்று கைநழுவிப் போய்விடும். கொரியர்கள் மூன்று கண்டங்களில் தொலைநோக்கி வைத்ததன் காரணம் இதுதான். அமெச்சூர் ஆர்வலர்களுக்கும் இதில் இடம் உண்டு: 2005-லேயே ஓக்ல்-2005-பிஎல்ஜி-071 கோளைக் கண்டுபிடித்ததில் ஆக்லாந்தைச் சேர்ந்த ஜென்னி மெக்கார்மிக், கிராண்ட் கிறிஸ்டி என்ற இரண்டு அமெச்சூர் வானியலாளர்களின் அளவீடுகள் சேர்ந்திருக்கின்றன.

குட்டி மேடு தெரிந்தவுடன் கோள் என்று முடிவு கட்டாதீர்கள். பின்னணியில் இருப்பதே இரட்டை நட்சத்திரமாக இருந்தாலும் இரண்டாவது மேடு வரும். அப்போது இரண்டின் நிறமும் வேறாக இருந்தால் மேட்டின் நிறம் மாறும். அதை வைத்துப் பிரிக்கலாம். இன்னொரு குழப்பம்: உச்சப் பெருக்கம் மிக அதிகமான நிகழ்வுகளில் கோள் வளையத்துக்கு வெளியே 1.25-ல் இருப்பதும் உள்ளே 0.8-ல் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே வளைகோட்டைத் தரும். இரண்டு விடைகளையும் பதிவு செய்துவிட வேண்டியதுதான்.

படி 6: முதல் அளவுகோல், வளையக் கோணம்

முடிச்சை அவிழ்க்கத் தொடங்குவோம். பின்னணி நட்சத்திரம் ஒரு புள்ளி இல்லை, அதற்கும் அகலம் உண்டு. குவிகோட்டைத் தாண்டும்போது அதன் ஒரு விளிம்பு முதலில், மறுவிளிம்பு பிறகு தாண்டும். கூராக வர வேண்டிய மேடு அதனால் உருண்டு அகலும். எவ்வளவு நேரம் உருண்டிருந்தது என்று பார்த்தால், நட்சத்திரம் தன் சொந்த ஆரத்தைக் கடக்க எத்தனை மணி நேரம் எடுத்தது என்பது தெரியும்.

390-ல் அந்த நேரம் 0.282 நாள். வளையக் காலம் 11.03 நாள். ஆகவே நட்சத்திரத்தின் ஆரம் வளையத்தின் ஆரத்தில் 0.0256 பங்கு. நட்சத்திரத்தின் கோண அளவு தெரிந்தால் வளையத்தின் கோணமும் தெரிந்துவிடும். நட்சத்திரத்தின் அளவை அதன் நிறத்தையும் ஒளியையும் வைத்து எடுக்கலாம். புடைப்பில் உள்ள ஒரு வகைச் செம்பெருமீன்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறம், ஒரே ஒளி. அவற்றோடு ஒப்பிட்டுத் தூசியின் பாதிப்பைக் கழித்துவிடலாம். 390-ன் பின்னணி நட்சத்திரம் சூரியனைப்போல் 9.6 மடங்கு ஆரமுள்ள பெருமீன். 8,500 பார்செக்கில் அதன் கோண ஆரம் 0.00525 மில்லி ஆர்க்செகண்ட். 0.00525 ÷ 0.0256 = 0.21. இதுதான் வளையக் கோணம்.

ஓர் அளவு கிடைத்தது. இன்னொன்று?

படி 7: இரண்டாவது அளவுகோல், இடமாறு தோற்றம்

ஒரு விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு மறுகண்ணால் பாருங்கள். விரல் நகரும். நுண்வில்லையிலும் அப்படித்தான்: இரண்டு வேறு இடங்களிலிருந்து பார்த்தால் வேறு வேறு வளைகோடு கிடைக்கும். அந்த வித்தியாசத்திலிருந்து 'நுண்வில்லை இடமாறு' என்ற எண் வருகிறது. இடமாறு வித்தியாசத்தை வளையக் கோணத்தால் வகுத்தால் கிடைப்பது அது.

மாதக்கணக்கில் நீளும் நிகழ்வானால் பூமியின் நகர்வே போதும். நாம் சூரியனைச் சுற்றிக்கொண்டே பார்ப்பதால் சீரான மேடு ஒரு பக்கம் சாயும். குறுகிய நிகழ்வானால் இன்னொரு கண் வேண்டும். 2014 முதல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அந்தக் கண்ணாக இருந்தது. ஓக்ல்-2014-பிஎல்ஜி-0124 நிகழ்வை, பூமியிலிருந்து சுமார் 20 கோடி கிலோமீட்டர் தள்ளி நின்ற ஸ்பிட்சர் ஏறக்குறைய 20 நாள் முன்னதாகவே பார்த்துவிட்டது. அந்த 20 நாள் வித்தியாசத்திலிருந்து, சுமார் 13,000 ஒளியாண்டு தொலைவில், வியாழனில் பாதி நிறையுள்ள கோள் என்று நேரடியாகக் கணக்கிட முடிந்தது. ஸ்பிட்சர் 2020 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. இந்தத் துறைக்கு அது பெரிய இழப்பு.

படி 8: நிறை

இரண்டும் இருந்தால் கடைசிக் கணக்கு ஒரே வரி:

நிறை = வளையக் கோணம் ÷ (8.14 × நுண்வில்லை இடமாறு)

இந்த வரியின் உச்சம் என்று நான் நினைப்பது ஓக்ல்-2011-பிஎல்ஜி-0462. 2011-ல் தொடங்கிய நீண்ட நிகழ்வு அது. வளையக் காலம் சுமார் 270 நாள். வில்லையிடமிருந்து ஒளி எதுவும் வரவில்லை. கைலாஷ் சாஹு தலைமையிலான குழு ஹப்பிள் தொலைநோக்கியால் ஆண்டுக்கணக்கில் பின்னணி நட்சத்திரத்தின் இடத்தை அளந்தது; பெருக்கம் மட்டுமல்ல, இரண்டு பிம்பங்களின் நடுப்புள்ளியும் மெல்ல நகரும், அந்த நகர்வின் அளவு வளையக் கோணத்தைத் தரும். கிடைத்தது 5.18 மில்லி ஆர்க்செகண்ட். இடமாறு 0.089. நீங்களே வகுத்துப் பாருங்கள்: 5.18 ÷ (8.14 × 0.089) = 7.15. சூரியனைப்போல் ஏழு மடங்கு நிறை, ஒளியே இல்லை. 2022-ல் அறிவிக்கப்பட்ட, தனியாக அலையும் முதல் கருந்துளை. அதே தரவை ஆராய்ந்த இன்னொரு குழுவுக்கு முதலில் 1.6 முதல் 4.4 வரைதான் வந்தது. அப்படியானால் நியூட்ரான் நட்சத்திரமாகவும் இருக்கலாம். அடுத்தடுத்த மறு ஆய்வுகள் 6-க்கும் 8-க்கும் இடையில் வந்து நின்றன. இடமாறு மிகச் சிறிய எண்ணாக இருக்கும்போது அதில் வரும் சின்னப் பிழையும் நிறையைப் பெரிதாக ஆட்டிவிடும் என்பதை இதில் பார்க்கலாம்.

390-ல் இரண்டாவது அளவுகோல் கிடைக்கவில்லை. நிகழ்வு மிகக் குறுகியது. அதனால் மண்டலத்தில் நட்சத்திரங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்ற மாதிரியை வைத்து, 'பெரும்பாலும் இவ்வளவு இருக்கும்' என்று மதிப்பிட்டார்கள்: நட்சத்திரம் 0.22 சூரிய நிறை, 6,600 பார்செக்கில். கோளுக்கு 0.22 × 0.000076 × 3,33,000 = 5.6 பூமி நிறை; வெளியிட்ட மதிப்பு 5.5. பிழை எல்லை 2.8-லிருந்து 11 வரை! இடைவெளி: 1.6 × 0.21 × 6.6 = 2.2 வானியல் அலகு (ஓர் அலகு பூமி–சூரியன் தொலைவு). சுற்றுப்பாதையின் சாய்வையும் கணக்கில் எடுத்து 2.6 என்றார்கள். 2006 ஜனவரியில் அறிவித்தபோது, சாதாரண நட்சத்திரத்தைச் சுற்றும் மிக இலேசான புறக்கோள்களில் ஒன்று அது.

பக்கத்து நட்சத்திரமானால் வேலை சுலபம்

அருகிலுள்ள நட்சத்திரங்களின் தொலைவு ஏற்கெனவே துல்லியமாகத் தெரியும். அப்போது முடிச்சில் ஒரு இழை தானாகவே அவிழ்ந்துவிடுகிறது. வளையக் கோணம் மட்டும் அளந்தால் போதும். வேகமாக நகரும் பக்கத்து நட்சத்திரம் ஒன்றைத் தேர்ந்து, அதன் பாதையில் எப்போது ஒரு பின்னணி நட்சத்திரம் வரும் என்று ஆண்டுகளுக்கு முன்பே குறித்து வைத்துக்கொள்ளலாம்.

சாஹு குழு 2014-ல் இப்படிப் பிடித்தது ஸ்டைன் 2051 பி என்ற வெண்குள்ளனை (எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் சுருங்கிய மையம்). சுமார் 18 ஒளியாண்டு தொலைவு. இடமாறு வித்தியாசம் 181 மில்லி ஆர்க்செகண்ட். கடந்துபோகும்போது பின்னணி நட்சத்திரம் எவ்வளவு தள்ளித் தெரிந்தது என்று ஹப்பிளால் அளந்தார்கள். இடைவெளி அரை ஆர்க்செகண்ட் இருக்கும்போது தள்ளல் வெறும் 2 மில்லி ஆர்க்செகண்ட். எல்லா நாட்களின் அளவையும் சேர்த்துப் பொருத்தியதில் வளையக் கோணம் 31.5 என்று வந்தது. 31.53² ÷ (8.14 × 181) = 0.675 சூரிய நிறை.

அதற்கு முன்பு இதன் நிறை 0.5 என்று நினைத்திருந்தார்கள். அது உண்மையானால் நட்சத்திரத்தின் உள்ளே இரும்பு இருக்க வேண்டும் என்ற வினோத முடிவுக்குப் போக வேண்டியிருந்தது. 0.675 என்றவுடன், கார்பனும் ஆக்சிஜனும் நிறைந்த வெண்குள்ளனுக்கு சந்திரசேகர் வழியில் வரும் நிறை–ஆரக் கணக்கோடு சரியாகப் பொருந்திவிட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930-ல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது தொடங்கிய கணக்கு அது. 1935-ல் லண்டனில் அவருடைய முடிவை எல்லார் முன்னிலையிலும் மறுத்தவர் எடிங்டன். நட்சத்திரம் தள்ளித் தெரிவதை 1919-ல் அளந்த அதே எடிங்டன். அந்த அளவை முறையே 2017-ல் வெளியான ஆய்வில் சந்திரசேகரின் பக்கம் சாட்சி சொல்லியிருக்கிறது.

படி 9: காத்திருப்பது

நிகழ்வு முடிந்த பிறகு இரண்டு நட்சத்திரங்களும் தம் வழியே விலகிக்கொண்டே போகும். பத்து ஆண்டு கழித்து ஹப்பிளாலோ ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியாலோ பார்த்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியலாம். அப்போது வில்லை நட்சத்திரத்தின் ஒளியை நேரடியாக அளந்து நிறையைச் சரிபார்க்கலாம். நாசாவின் ரோமன் விண்வெளித் தொலைநோக்கியை 2027 மே மாதத்துக்குள் ஏவத் திட்டம். புடைப்பை ஏறக்குறைய 12 நிமிடத்துக்கு ஒருமுறை படம்பிடிக்கப்போகும் அதன் கூர்மையில், பல நிகழ்வுகளுக்கு இந்த விலகலை ஆய்வுக்காலத்துக்குள்ளேயே அளந்துவிட முடியும்.

390-க்கும் இதைப் போட்டுப் பார்த்தேன். வளையக் கோணம் 0.21, காலம் 11.03 நாள், அப்படியானால் ஆண்டுக்கு சுமார் 7 மில்லி ஆர்க்செகண்ட் விலகுகிறது. இருபது ஆண்டில் 140. கெக் பிரித்துக் காட்டக்கூடிய இடைவெளிதான். ஆனால் அந்தப் பின்னணி நட்சத்திரம் ஒரு பெருமீன். அது அவ்வளவு அகலமாக இருந்ததால்தான் 2005-ல் மேடு அரை நாள் நீடித்தது, டேனிஷ் தொலைநோக்கியில் சிக்கியது, வளையக் கோணமும் கிடைத்தது. அதன் பக்கத்தில் அந்தச் செங்குள்ளன் ஆயிரக்கணக்கான மடங்கு மங்கலானது. இப்போதும் அந்தப் பிரகாசத்துக்குள்தான் மறைந்திருக்கிறது.